உடும்பு விட்ட பிடி

ஈச்சம்பள்ளத்து உடும்பு அதிகம் தண்ணீர் குடிக்காது. அதனாலேயே அந்தக் காட்டு விலங்குகள் அதைத் தங்கள் நீதிபதி ஆக்கியிருந்தன.

"குளத்து மேல யாருக்கு ஆசை குறைவோ, அவரே குளத்து வழக்கைக் கேக்கட்டும்!" என்று புள்ளிமான் சபையில் சொன்னபோது மறுபேச்சே வரவில்லை. உடும்புக்கு அன்று உச்சி குளிர்ந்துபோயிற்று. பிடித்த பிடியை விடாத குலம் என்று ஏற்கெனவே அதற்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பதவியும் சேர்ந்ததும் வாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

ஈச்சம்பள்ளம் ஒரு மலையடிவாரக் காட்டில் இருந்தது. நடுவில் ஒரு குளம். மழைக்காலத்தில் யானை முங்கிக் குளிக்கலாம். கோடையில் முயல்கூட ஒரே தாவில் தாண்டிவிடும். கோடையில் அடியில் கசிகிற ஓர் ஊற்றுதான் எல்லோருக்கும் கதி.

முன்பு ஒரு கொடிய கோடை வந்தது. பலம் உள்ளது முதலில் குடித்தது. பலம் இல்லாதது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. யார் குடிக்கலாம் என்று ஒரு கரடியே விதி போட்டது, அதுவே காவல் நின்றது, அதுவே தீர்ப்பும் சொன்னது. அந்தக் கோடையில் தாகத்தால் செத்ததைவிட அடிபட்டுச் செத்ததே அதிகம். பிறகு மழை கொட்டியது. குளம் நிறைந்தது. வயிறு நிறைந்ததும் எல்லா விலங்குகளுக்கும் வெட்கம் வந்தது. சிலருக்கு அப்போதுதான் வெட்கமே வருகிறது, என்ன செய்ய! அந்த வெட்கம் ஆறுவதற்குள் கூடி உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன.

குளத்துக்கு விதி போடுவது எல்லா விலங்குகளும் கூடிய சபையின் வேலை. போட்ட விதியைக் காப்பது காவலரின் வேலை. விதியை மீறினார் என்று காவலர் யாரையாவது பிடித்து வந்தால், மீறினாரா இல்லையா என்று சொல்வது நீதிபதியின் வேலை. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடக் கூடாது. பிடிபட்டவர் யாரானாலும் முதலில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதன் பிறகே விசாரணை. நாக்கு வறண்டவரிடம் கேள்வி கேட்டு என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்றும் சொல்லி வைத்தன. இந்த உடன்படிக்கையில் ஏதாவது மாற்ற வேண்டுமானால் குளம் நிறைந்திருக்கும்போது மட்டுமே மாற்றலாம். வறட்சியில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அப்படி யாராவது கை வைக்க வந்தால் தடுத்து நிறுத்த வேண்டியது நீதிபதியின் பொறுப்பு. அதற்குத்தான் தண்ணீரே தேவைப்படாத உடும்பைத் தேடிப் பிடித்து உட்கார வைத்திருந்தன.

காவலுக்குக் காட்டெருமை. நல்ல விலங்கு. வரிசையில் எல்லோரும் குடித்த பிறகே தான் குடிக்கும். நிற்கிற இடத்தை விட்டு இம்மியும் நகராது. பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

இந்த வருடக் கோடை முன்பு வந்ததைவிட மோசமாக இருந்தது. குளம் வற்றி வெடித்தது. ஊற்று ஒன்றுதான் மிச்சம். "ஊற்றருகே யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது" என்று சபை ஒரு விதி போட்டது. காட்டெருமை இரவும் பகலும் அங்கேயே நின்று காத்தது.

ஒரு நாள் காலையில் விலங்குகள் தண்ணீருக்கு வந்தபோது ஊற்றின் வாய் சரிந்து மூடிக் கிடந்தது! மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு கை அளவுத் தண்ணீர்தான் கசிந்துகொண்டிருந்தது.

"யாரு செஞ்சது? யாரு?" என்று காடே கத்தியது.

காட்டெருமை ஒரு முள்ளம்பன்றியைத் தள்ளிக்கொண்டு வந்தது. மலைப் பாறைகளுக்குப் பின்னால் வளையில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்த தாய் அது. விடிகிற நேரத்தில் ஊற்றுப் பக்கம் ஓடி வந்ததாம். அங்கேயே மடக்கிவிட்டது காட்டெருமை. சபை கூடி முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. அதுவரை முள்ளம்பன்றி வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தது.

"பிடிச்சாச்சு!" என்றது காட்டெருமை. "ஊத்துப் பக்கத்துல இவ முள்ளு கெடந்துச்சு. இந்தக் காட்டுல மண்ணைத் தோண்டுறது யாரு? இவ சாதிதான! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

உடும்பும் மண்ணைத் தோண்டுகிற சாதிதான். அது யாருக்கும் நினைவு வரவில்லை. உடும்பும் நினைவுபடுத்தவில்லை.

குளத்து நடுவில் இருந்த தீர்ப்புப் பாறையில் ஏறி நின்று, உடும்பு வழக்கம்போல் சொன்னது: "மொதல்ல அவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க. அப்புறம் விசாரிப்போம்."

"தண்ணியா!" என்று நாவல் மரத்திலிருந்து குதித்தது ஒரு குரங்கு. கூட்டத்தைக் கண்டால் அதற்கு வாய் சும்மா இருக்காது. "இருக்குறதே ஒரு கை தண்ணி. ஊத்தை ஒடச்சவளுக்கே அதையும் ஊத்தணுமாக்கும்! நம்ம பிள்ளைங்க என்னத்தக் குடிக்கும்?"

"சரியாக் கேட்டான்!" என்று கூட்டம் கூவியது.

"விதி அப்படித்தான் சொல்லுது" என்றது உடும்பு.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி" என்று குரங்கு கைகூப்பியது. "நீங்க விதியைப் பேசலாம். உங்களுக்குத் தாகம்னா என்னன்னு தெரியாதே!"

அந்தச் சொல் உடும்பைச் சுருக்கென்று தைத்தது. கூட்டத்தைப் பார்த்தது. எல்லோர் உதட்டிலும் வெடிப்பு. தன்னை நீதிபதி ஆக்கிய புள்ளிமான்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'இவன் நம்மில் ஒருவன் இல்லை' என்று எல்லோரும் நினைப்பது போல அதற்குத் தோன்றியது. தாகம் இல்லாமல் இருப்பதே ஏதோ திருட்டு வேலை போலக் கூசியது.

குரங்கு விடவில்லை. "இந்த ஒரு கோடைக்கு மட்டும் அந்த விதியெல்லாம் ஓரமா இருக்கட்டும்! பிடிக்கிற காட்டெருமையண்ணனே தீர்ப்பும் சொல்லட்டும். அண்ணனோட நேர்மையில இங்க யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. உடும்புக்கும் இல்லை. அதுதான் சங்கடமே! கெட்டவனிடம் அதிகாரத்தைக் கொடுக்க எல்லோரும் யோசிப்பார்கள். நல்லவன் என்றால் யோசிப்பதே அவமரியாதை என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

'வறட்சியில் உடன்படிக்கையைத் தொடக் கூடாது.' உடும்பு சொல்ல வேண்டியது இந்த ஒரே வரி. தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "சபையோட இஷ்டம் அதுதான்னா... நான் குறுக்க நிக்கல" என்றது. பாறையிலிருந்து இறங்கி ஓரமாகப் போய் நின்றது.

"உடும்பு அண்ணாச்சி வாழ்க!" என்று காடு அதிர்ந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். உடும்புக்கு அந்தச் சத்தம் இனித்தது.

காட்டெருமை முள்ளம்பன்றியின் முன்னால் போய் நின்றது. "சொல்லு! தோண்டினியா இல்லையா?"

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை, கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது. பயத்தில் முட்கள் எழுந்து ஒன்றோடொன்று உரசின.

"பாத்தீங்களா! சபையிலேயே முள்ளைச் சிலுப்புறா! என்ன திமிரு!" என்றது குரங்கு.

"பதில் சொல்லல. அப்போ செஞ்சது இவதான்" என்றது காட்டெருமை. "இந்தக் கோடை முடியுற வரைக்கும் நீ குளத்துப் பக்கமே வரக் கூடாது. போ!"

போவதற்கு முன் முள்ளம்பன்றி ஒரு தடவை உடும்பைத் திரும்பிப் பார்த்தது. உடும்பு அந்த நேரம் பார்த்துத் தன் காலடியில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தீர்ப்புகள் மளமளவென்று வந்தன. முறை தவறிக் குடிக்க வந்தது என்று முயலுக்குத் தடை. "அது முறை தவறல, நொண்டிக்கால், பிந்திப்போச்சு" என்று பரிந்து பேசிய கீரிக்கும் தடை. "கீரிக்கு எதுக்குத் தடை?" என்று கேட்ட மயிலுக்கும் தடை! காட்டெருமை இதில் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. விசாரிக்க நேரம் ஏது, வேலை தலைக்கு மேல் கிடக்கிறதே என்றுதான் நினைத்தது.

உடும்பைக் கண்டால் எல்லோரும் இப்போது சிரித்துப் பேசினார்கள். குரங்கு மரத்திலிருந்து நாவல் பழம் பறித்துப் போட்டது. உடும்புக்கு அது இறங்கவில்லை. கண்ணை மூடினால் முள்ளம்பன்றி திரும்பிப் பார்த்த பார்வை வந்து நின்றது.

ஒரு மத்தியானம், மற்ற விலங்குகள் நிழலில் சாய்ந்து கிடந்த நேரத்தில், உடும்பு மெல்ல ஊற்றுப் பக்கம் போனது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

போய்க் குனிந்து மண்ணைப் பார்த்தது. தோண்டிப் பழகிய கால்கள் அதற்கு. தோண்டினால் மண் வெளியே குவியும். இங்கே வெளியே ஒரு பிடி மண் இல்லை. கரையே பெயர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. ஒரு நகக் கீறல்கூட இல்லை. உடைந்த விளிம்பில் பெரிய பிளவுக் குளம்பின் தடம் ஆழமாகப் பதிந்து காய்ந்திருந்தது. அவ்வளவு பெரிய குளம்பு அந்தக் காட்டில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

காட்டெருமை கடமை தவறாமல் இரவெல்லாம் ஊற்றின் விளிம்பிலேயே நின்றிருக்கிறது. அதன் கனம் தாங்காமல் கரை சரிந்திருக்கிறது. அரையிருட்டில் சிறுகச் சிறுகச் சரிந்ததால் அது அதற்கே தெரியவில்லை.

அன்றைக்கே வந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பாறையிலிருந்து ஊற்று என்ன காத தூரமா? கூப்பிடு தூரம்கூட இல்லை.

'பேசாமல் இருந்துவிடலாமா?' என்றும் உடும்பு நினைத்தது. ஆமாம், நினைத்தது. இனிமேல் சொன்னால் தன் மானம் அல்லவா போகும்! அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றது. பிறகு கால்கள் தாமாகவே மலைப் பாறைகளின் பக்கம் நடந்தன.

வளைக்குள் முள்ளம்பன்றி படுத்திருந்தது. அதன் மடியில் ஒரு குட்டி முனகிக்கொண்டிருந்தது. இன்னொரு குட்டி சற்றுத் தள்ளிக் கிடந்தது. அதன் மேல் ஈ மொய்த்தது.

"அம்மா... நான் உடும்பு வந்திருக்கேன்."

முள்ளம்பன்றி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

உடும்பு திரும்பி ஓடியது. ஊற்றுக் கசிவில் விழுந்து புரண்டது. "என்ன அண்ணாச்சி இது!" என்று காட்டெருமை அதட்டியது. "என் பங்கு! இத்தனை நாள் நான் தொடாத பங்கு!" என்று கத்திக்கொண்டே உடும்பு சொட்டச் சொட்ட மலைக்கு ஓடியது. பாதித் தண்ணீர் வழியிலேயே காய்ந்துபோனது. மிச்சத்தைத் தாய் குட்டிக்கு விட்டது. குட்டி உடும்பின் சொரசொரத்த முதுகை நக்கியது. உடும்பு மறுபடி ஓடியது, மறுபடி வந்தது. அப்புறம்தான் தாயும் நக்கிக் குடித்தது.

நாக்கு நனைந்ததும் முள்ளம்பன்றி பேசியது. "அன்னிக்கு அவரு நின்ன கரை சரியுறதை நான் பாத்தேன். பாத்து நில்லுங்கன்னு சொல்லத்தான் ஓடி வந்தேன். மூச்சு வாங்குச்சு. அதுக்குள்ள என்னைப் பிடிச்சுட்டாரு. சபையில சொல்லிரலாம்னு இருந்தேன். நாக்கு எழும்பல."

உடும்பால் நிமிர முடியவில்லை. "மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு..."

"கேக்காதீங்க" என்றது முள்ளம்பன்றி.

உடும்பு நேரே குளத்துக்கு வந்து தீர்ப்புப் பாறையில் ஏறியது. வால் தரையில் இழுபட்டது. "சபை கூடட்டும்!" என்று கத்தியது. விலங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"அன்னிக்கு இங்க நடந்தது தீர்ப்பு இல்ல" என்றது உடும்பு. "வறட்சியில உடன்படிக்கையைத் தொடக் கூடாதுன்னு சொல்ல வேண்டியவன் நான். அதுக்குத்தான் என்னை இந்தப் பாறையில ஏத்தி வச்சீங்க. நான் சொல்லல. தாகம் தெரியாதவன்னு நீங்க என்னை ஒதுக்கிருவீங்களோன்னு பயந்தேன். நீங்க வாழ்கன்னு சொன்னப்போ சந்தோஷமும் பட்டேன். அதுக்கு முள்ளம்பன்றியோட ஒரு குட்டி செத்துப்போச்சு."

உடும்பு ஊற்றின் பக்கம் திரும்பியது.

"முள்ளம்பன்றிக்குப் போட்ட தடை செல்லாது. முயலுக்கும் கீரிக்கும் மயிலுக்கும் போட்டதும் செல்லாது. ஊத்து எப்படிச் சரிஞ்சதுன்னு எல்லாரும் வந்து பாருங்க."

எல்லாம் போய்ப் பார்த்தன. காட்டெருமை குனிந்து அந்தத் தடத்தை மோந்தது. பிறகு தன் காலைத் தூக்கி அதற்குள் வைத்தது. கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அது தடுமாறி நின்றது.

"அடப் பாவி!" முதலில் கத்தியது குரங்குதான். "இவனே ஒடச்சுட்டு இவனே தீர்ப்பும் சொல்லியிருக்கான்! துரத்துங்க இவனை! ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க!"

"துரத்துங்க! துரத்துங்க!" என்று கூட்டம் பாய்ந்தது. தடை போட்டபோது 'சபாஷ்' சொன்ன அதே வாய்கள்தான்.

இந்தத் தடவை உடும்பு எறும்பைப் பார்க்கவில்லை. பாறைக்கு ஓடி வந்து நாலு கால் நகத்தையும் கல்லில் ஊன்றிக்கொண்டது. "நிறுத்துங்க! மொதல்ல அவருக்கு ஒரு வாய் தண்ணி!"

"இவனுக்கா?"

"அவருக்குத்தான்! குடிச்சுட்டு அவரு தரப்பைச் சொல்லட்டும். அதுக்கு அப்புறம்தான் தீர்ப்பு!"

"உங்களுக்குத் தாகம்னா என்னன்னு..." என்று குரங்கு தொடங்கியது.

"தெரியாது! ஆனா தாகத்துல நாம என்ன செய்வோம்னு தெரிஞ்சுபோச்சு. வாழ்கன்னாலும் ஒழிகன்னாலும் நான் இங்கருந்து எறங்க மாட்டேன்!"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கியது. காட்டெருமை ஒரு வாய் குடித்தது. அதை விழுங்கவே அதற்குப் பெரும்பாடாக இருந்தது. "ஊத்து சரிஞ்சது எனக்குத் தெரியாது" என்றது. "அதுக்குத் தண்டனை இல்லைன்னாலும், அந்தக் குட்டிக்காரத் தாயை வெயில்ல நிறுத்தினது நான். தண்ணி குடுன்னு விதி சொல்லியும் குடுக்காதது நான். அது தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"ஊத்து சரிஞ்சதுல உங்க மேல குத்தம் இல்ல" என்று உடும்பு தீர்ப்புச் சொன்னது. "தண்ணி மறுத்தது குத்தம். இனிமே நீங்க காவல் நிக்க முடியாது. புதுக் காவலரைச் சபை தேடட்டும்." பிறகு குரல் இறங்கியது. "என் மேலயும் ஒரு வழக்கு இருக்கு. அதை நானே கேக்கக் கூடாது. சபைதான் கேக்கணும்."

புள்ளிமான் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பேசியது. "இப்ப எல்லாருக்கும் தாகம். இப்ப சொன்னா கோபத்துலதான் சொல்லுவோம். குளம் நிறையட்டும், அப்ப சொல்லுறோம். அது வரைக்கும் நீங்க அந்தப் பாறையிலேயே இருங்க அண்ணாச்சி."

துரத்தியிருந்தால்கூட உடும்புக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊற்றின் வாயைத் திறக்க மட்டும் மண்ணைத் தோண்டலாம் என்று சபை சொன்னது. அதற்குத் தோண்டத் தெரிந்தவர்கள்தான் வேண்டும். உடும்பு ஒரு பக்கம் தோண்டியது. சற்று நேரத்தில் மறுபக்கத்தில் மண் பறிபடுகிற சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி வந்திருந்தது. இரண்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மழை இன்னும் வரவில்லை. பொழுது சாயும் நேரம் முள்ளம்பன்றி தண்ணீருக்கு வரும்போது உடும்பு பாறை மேல் இருக்கும். பாறையைக் கடக்கும் இடம் வந்ததும் தாய் தன் ஒற்றைக் குட்டியை மூக்கால் தள்ளி, உடும்பு இருக்கும் பக்கம் வராமல் மறுபக்கமாக விட்டுக்கொண்டு நடக்கும். உடும்பு அதைத் தினமும் பார்க்கிறது.

நெருக்கடியில் ஒதுக்கி வைத்துவிடலாம் என்று தோன்றும் சட்டம் நெருக்கடிக்காகவே செய்யப்பட்டது. அதைக் காக்க வேண்டியவர் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அதன் விலையைக் கொடுப்பது கேட்க நாதியற்றவர்களே.